வீட்டுக்காரரின் சுவரும் குடித்தனக்காரரின் குளிரும்

சுவர் அழுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது கிளாஸ்கோ நகரத்தில்.

2019-ம் வருஷம் ஜனவரி மாதம். என் தமக்கையின் மகன் அங்கே மேல்படிப்புக்காகப் போய், மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையுமாக ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடித்தனம் செய்துகொண்டிருந்தான். "ஒரு மாதம் வந்து இருங்கள், மாமா. நாவல் எழுத நல்ல இடம். வாசலில் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள்" என்று எழுதியிருந்தான். இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு குரங்குக் குல்லா, எழுத வேண்டிய நாவலின் முதல் அத்தியாயம் இவற்றுடன் நானும் போய்ச் சேர்ந்தேன். நாவல் அங்கே எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரை வந்தது.

முதல் நாள் காலையில் கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் நீர்த்துளிகள் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தன. மழை இல்லை, மேல் மாடியில் குழாயும் உடையவில்லை. துணி அலமாரியைச் சற்று நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சுவர் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்! ராத்திரி குழந்தை விடாமல் இருமியதன் காரணம் பாதி விளங்கியது.

வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். மருமான் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினான். அவர் தரப்பிலிருந்து வந்த பதில். அதில் மூன்று யோசனைகள் இருந்தன: அறையை எப்போதும் சூடாக வைத்திருக்கவும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவும், வீட்டுக்குள் ஈரத் துணி உலர்த்த வேண்டாம். மூன்றும் உத்தமமான யோசனைகள்தாம். ஆனால் முதல் யோசனைப்படி நடந்தால் கைப்பணம் தீர்ந்துவிடும். இரண்டாவதன்படி நடந்தால் முதல் யோசனை ஜன்னல் வழியாக வெளியே போய்விடும். மூன்றாவதன்படி நடந்தால் குழந்தைக்கு மாற்றுத் துணி இராது.

அந்த வீட்டு மின்சார மீட்டர் முன்பண மீட்டர். தெருமுனைக் கடையில் பணத்தைக் கட்டி ஒரு சிறு சாவியில் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் வெளிச்சமும் சூடும் தீர்ந்துபோகும். மருமானின் மனைவி மாலைதோறும் அந்த மீட்டரில் ஓடும் எண்ணை எட்டிப் பார்ப்பாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல.

"ஏண்டா, வீட்டுக்காரரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கக் கூடாதோ?" என்றேன்.

"கேட்கலாம், மாமா. காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டால் இந்தக் குளிரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?" என்றான்.

இந்தப் பேச்சு நடந்தபோது எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் குழந்தைக்கு ஒரு கம்பளி உறை பின்னி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எண்பதை நெருங்கிய ஸ்காட்லாந்துக்கார அம்மாள். கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கடிதத்தை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியுமே! கார்பல்ஸ் பேட்டையில் நான் இருந்தபோது எனக்கும் இதேதான் வந்தது. அப்போது டைப் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அவன் சும்மா இருப்பானா? மறுநாளே அந்த ஊரின் மிட்செல் நூல்நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். (அங்கே நல்ல சூடாக இருந்தது என்பதும் ஒரு காரணம்; மறைப்பானேன்?) அங்கும் பிறகு ஊர் திரும்பியும் படித்ததிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. குளிர் தேசத்துச் சரித்திரம் என்று ராஜாக்களையும் யுத்தங்களையும் எழுதுகிறார்களே, அதற்கு அடியில் இன்னொரு சரித்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவர் ஒருவருடையது, அந்தச் சுவருக்குள் எரியும் நெருப்புக்குக் காசு கொடுப்பவர் வேறொருவர். சுவரைச் சீர்செய்தால் நெருப்புச் செலவு குறையும். ஆனால் சீர்செய்ய வேண்டியவருக்கு அதனால் லாபம் இல்லை. லாபம் அடையக்கூடியவருக்குச் சுவரில் ஆணி அடிக்கும் அதிகாரம்கூட இல்லை. இவ்வளவுதான் கதை. பாத்திரங்கள் மட்டும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேஷம் மாறுகிறார்கள்.

முதல் வேஷம் சர்க்காருடையது. 1662-ம் வருஷம் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பணமுடை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கணப்பு அடுப்புக்கும் வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங் வரி என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. யார் கட்டுவது? வீட்டில் குடியிருப்பவர். பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குள் வரி அதிகாரிகள் நுழைந்து அடுப்புக்களை எண்ணிப் பார்த்தார்கள். குளிர் காய்வதற்கு வரி என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். 1684-ல் சர்ச்சில் என்ற கிராமத்தில் ரொட்டி சுடும் பெண்மணி ஒருத்தி, தனிப் புகைபோக்கிக்கு வரி கட்டாமல் தப்புவதற்காகப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குச் சுவரில் ஓட்டை போட்டாள் என்றும், அதில் கிளம்பிய தீ கிராமத்தையே எரித்தது என்றும் அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். ஜனங்களின் வெறுப்பு முற்றி, 1689-ல் புதிய ராஜாவும் ராணியும் பட்டத்துக்கு வந்தவுடன் அந்த வரியை எடுத்தார்கள். ஏழு வருஷங்கூடப் பொறுக்கவில்லை. 1696-ல் ஜன்னலுக்கு வரி வந்துவிட்டது! அது 1851 வரையில் நீடித்தது. ஆக, சூட்டுக்கு வரி போய் வெளிச்சத்துக்கு வரி வந்தது. ஜனங்கள் இந்தத் தடவை ஜன்னலை அடைத்தார்கள்.

அந்தக் கணப்பு அடுப்பும் லேசுப்பட்ட பகாசுரன் அல்ல. எரிகிற கரியின் சூட்டில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். அறையில் இருப்பவருக்கு முகம் வேகும், முதுகு உறையும். ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1796-ல் இதை ஆராய்ந்து எழுதினார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கி, அடுப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் புகை சரியாக மேலே போகும். சூடு அறைக்குள் திரும்பும் என்று காட்டினார். வசதியுள்ளவர்கள் உடனே கொத்தனாரை அழைத்து அடுப்பை மாற்றிக்கொண்டார்கள். வாடகை அறையில் இருந்தவர்கள்? அடுப்பு வீட்டுக்காரருடையது. அதை இடித்துக் கட்ட அவர்களுக்கு ஏது உரிமை?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காஸ் வந்தது. மூன்று மாதம் உபயோகித்துவிட்டுப் பிறகு பில் கட்டுவது பணக்காரர் வழக்கம். ஏழையை நம்பி யார் மூன்று மாதக் கடன் கொடுப்பார்கள்? அதற்காக ஒரு யந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரு பென்னி நாணயத்தைத் துவாரத்தில் போட்டால், ஒரு பென்னிக்கு உண்டான காஸ் வரும், பிறகு நின்றுவிடும். 1890-களில் இந்த மீட்டர் லட்சக்கணக்கான தொழிலாளர் வீடுகளில் ஏறியது. பெரிய சௌகரியந்தான். அதுவரை காஸ் அடுப்பையே காணாத பெண்கள் கரிப்புகை இல்லாமல் சமைத்தார்கள். ஆனால் மீட்டருக்கும் அடுப்புக்கும் உண்டான செலவையும் அந்தப் பென்னியிலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பணம் கொடுத்த ஏழைக்கு, பின்னால் கொடுத்த பணக்காரரைவிடக் குறைந்த காஸ் கிடைத்தது. என் மருமான் வீட்டுச் சாவி மீட்டருக்குக் கொள்ளுப்பாட்டி இந்தப் பென்னி மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஜனங்கள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே கிளாஸ்கோவில், 1915-ல், ஆண்கள் யுத்தத்துக்குப் போயிருந்த சமயம். வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததால் வீட்டுக்குக் கிராக்கி. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கோவன் என்ற பேட்டையில் மேரி பார்பர் என்ற அம்மாள் பெண்களைத் திரட்டினார். ஏற்றிய வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று இருபதினாயிரம் குடும்பங்களுக்குமேல் நின்றன. காலி செய்ய அமீனா வருகிறான் என்றால் ஒரு பெண் மணியை அடிப்பாள். மாடிப்படி முழுவதும் பெண்கள் கூடிவிடுவார்கள். வந்தவர்மேல் மாவுப் பொட்டலங்கள் பறக்கும். நவம்பர் 17-ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நியாயஸ்தலத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அடுத்த மாதமே பார்லிமெண்டு சட்டம் செய்தது: யுத்தம் துவங்கிய 1914 ஆகஸ்டு மாதத்து வாடகைக்குமேல் கேட்கக் கூடாது என்று. அந்த அம்மாளுக்கு 2018-ல்தான் கோவனில் சிலை எழுந்தது. எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் என்னை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார். சிலையின் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. "அதுதான் சரியான சிலை. தனியாக நின்றால் அது மேரி பார்பர் இல்லை" என்றார்.

வாடகை கட்டுக்குள் வந்தது, குளிர் வரவில்லை. 1947-ன் குளிர்காலத்தில் நிலக்கரி தட்டுப்பட்டு, பட்டப்பகலில் வீடுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். 1952 டிசம்பர் 5-ந் தேதி முதல் ஐந்து நாள் லண்டனில் கரிப்புகையும் மூடுபனியும் கலந்து கவிந்தன. நாலாயிரம் பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் பன்னிரண்டாயிரம் என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக் கணப்பும் சேர்ந்து செய்த காரியம் அது. 1956-ல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லாத அடுப்புக்கு மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை நகரசபை திருப்பிக் கொடுக்கும் என்று அதில் ஒரு விதி. என் கண்ணுக்கு அந்தச் சட்டத்தின் ஜீவநாடியே அந்த விதிதான். நெருப்பை மாற்று என்று ஏழைக்கு உபதேசம் செய்தவர்கள், அந்த ஒரு தடவையாவது கூடவே பணத்தையும் வைத்தார்கள்.

இனி, பாட்டியம்மாளின் கதைக்கு வருகிறேன்.

கார்பல்ஸ் கிளாஸ்கோவில் பேர்போன சேரிப் பேட்டை. யுத்தத்துக்குப் பிறகு அதை இடித்துவிட்டு, நகரசபையே வீட்டுக்காரராகி, உயரமான கட்டடங்களை எழுப்பியது. அப்போது தேசம் முழுவதும் இதே வேகந்தான். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீடுபோல் அடுக்கிக் கட்டினார்கள். 1968-ம் வருஷம் மே 16-ந் தேதி லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற அத்தகைய கட்டடத்தில், பதினெட்டாவது மாடியில் காஸ் வெடித்து ஒரு மூலையே சரிந்தது. நான்கு பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு பல பலகைக் கட்டடங்களில் காஸை எடுத்துவிட்டு மின்சாரத்தால் சூடேற்ற ஏற்பாடு செய்தார்கள். பத்திரத்தை உத்தேசித்துச் செய்ததுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மின்சாரம் காஸைவிட விலை கூடியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து அந்த விலை இன்னும் ஏறியது. மெல்லிய கான்கிரீட் சுவர், விலை கூடிய மின்சாரம், சொற்ப வருமானம்: மூன்றும் ஒரே வீட்டில் கூடினால் என்ன ஆகும்? குடித்தனக்காரர் சுவிச்சை அணைத்துவிடுவார். மறுநாள் சுவர் அழும்.

ஏன் அழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உஷ்ணமான காற்று நிறைய நீராவியை ஏந்திக்கொள்ளும். குளிர்ந்த காற்றால் ஏந்த முடியாது. ஒரு குடும்பம் மூச்சு விடுவதிலும் சமைப்பதிலும் குளிப்பதிலும் துணி உலர்த்துவதிலும் தினம் பல லிட்டர் தண்ணீர் காற்றில் சேருகிறது. அந்தக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் சுமையை இறக்கி வைத்துவிடுகிறது. குளிர்ந்த பானை வெளிப்புறம் வேர்ப்பதில்லையா, அதே சமாசாரம். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் குடியேறும். அது மட்டும் வாடகை கொடுக்காது!

கார்பல்ஸில் ஹட்சன்டவுன் 'ஈ' என்ற பகுதியை ஒரு பிரெஞ்சு முறைப்படி கட்டியிருந்தார்கள். ஜனங்கள் குடியேறிச் சில காலத்துக்குள்ளாகவே சுவரில் ஓதம் ஏறியது. காகிதம் உரிந்தது, துணிமணி மக்கியது, மெத்தையில் பூஞ்சணம் பூத்தது. நகரசபைக்கு எழுதினார்கள். பதில் வந்தது: இது ஓதம் அல்ல, உங்கள் வீட்டு நீராவி; ஜன்னலைத் திறந்து வையுங்கள், சூட்டையும் விடாமல் வைத்திருங்கள். "நாங்கள் அதிகமாக மூச்சு விடுகிறோமாம்!" என்று அந்தப் பெண்கள் கசப்போடு சிரித்தார்கள். அந்தக் கட்டடங்களுக்கே 'ஓத வீடுகள்' என்ற பொருளில் செல்லப்பெயர் ஏற்பட்டது. 1975-ல் ஓத எதிர்ப்பு இயக்கம் துவங்கியது. மக்கிய துணிகளைக் கொண்டுபோய் அதிகாரிகளுக்குக் காட்டினார்கள், வாடகையை நிறுத்தினார்கள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். இந்தப் போராட்டத்தைப் பற்றி 1979-ல் வெளிவந்த அறிக்கைக்கு 'ஓதப் பூதம்' என்று பெயர். கடைசியில் ஜனங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1987-ல் அந்தக் கட்டடங்களை இடித்தே விட்டார்கள். கட்டி இருபது வருஷம் ஆகுமுன்னே!

இடித்தால்தானா விடிவு? இல்லை என்று காட்டியவர்களும் அதே ஊர்ப் பெண்கள்தாம். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஈஸ்டர்ஹவுஸ் என்ற பெரிய குடியிருப்பு. அதில் ஈஸ்ட்ஹால் என்ற பகுதி. காத்தி மக்கார்மக் என்ற தாயாரும் அவர் அண்டை வீட்டாரும் 1980-களில் அங்கே சங்கம் அமைத்தார்கள். இவர்கள் வெறும் புகார் எழுதுவதோடு நிற்கவில்லை. கட்டடக் கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் தங்கள் சமையலறைக்கே அழைத்து வந்தார்கள். "எங்கள் மூச்சைக் குறை சொல்லாதீர்கள்; சுவர் எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று அளந்து சொல்லுங்கள்" என்பது அவர்களுடைய வாதம். ஐரோப்பிய சமூகத்தின் பண உதவி கிடைத்து, 1990-களின் துவக்கத்தில் முப்பத்தாறு வீடுகளைச் சீர்செய்தார்கள். சுவருக்குக் கனமான உறை, நல்ல ஜன்னல், அந்த ஊரில் எட்டிப் பார்க்கும் கொஞ்சநஞ்சச் சூரியனையும் பிடித்துவைக்கக் கண்ணாடி அடைத்த தாழ்வாரம். அதே வீடு, அதே மனிதர்கள், அதே மூச்சு! சூட்டுச் செலவு வெகுவாகக் குறைந்தது, சுவர் காய்ந்தது. 'வாழ்க்கை முறை' என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடச் சரியான பதில் உண்டா?

வைத்தியர்களும் சாட்சி சொன்னார்கள். கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் நகரங்களில் 597 குடும்பங்களை ஆராய்ந்து 1989-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு இருமலும் இழுப்பும் ஜுரமும் அதிகம் என்று அதில் கண்டிருந்தது. தாய்மார்கள் பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்ததுதான். ஆனால் தாயார் சொன்னால் புலம்பல். பத்திரிகையில் வந்தால் சாஸ்திரம்.

இன்னொரு பக்கம், சத்தமில்லாமல் சிலர் சின்னச் சின்னக் காரியங்களில் இறங்கினார்கள். 1970-களின் நடுவில் டர்ஹாம் நகரில், வேலையற்ற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வயோதிகர்கள் வீட்டுப் பரணில் கம்பளிபோன்ற காப்புப் பொருளை விரிக்கச் செய்தார்கள். 1981-ல் இதுபோன்ற முயற்சிகளை ஒன்றுசேர்க்க ஒரு ஸ்தாபனமே ஏற்பட்டது. கதவிடுக்கில் தூரிகைப் பட்டி, வெந்நீர்த் தொட்டிக்குப் பஞ்சு மெத்தைச் சட்டை, வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்க்கு உறை. இந்தக் குழாய் உறையை அலட்சியம் செய்யக் கூடாது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். இரும்பானாலும் செம்பானாலும் பிளந்துவிடும். பனி இளகும்போதுதான் வீட்டுக்குள் வெள்ளம் வரும். 1963-ன் மகா குளிரில் இப்படி எத்தனையோ வீடுகள் நாசமாயின. பிரதான குழாயை மூடும் திருகு எங்கே இருக்கிறதென்று குடிவந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாட்டியம்மாள் எனக்கே பாடம் சொன்னார்.

பிரண்டா போர்டுமன் என்ற அறிஞர் 1991-ல் 'எரிபொருள் ஏழ்மை' பற்றிப் புத்தகம் எழுதினார். வீட்டை வேண்டிய அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் செலவாகுமானால் அந்தக் குடும்பம் இந்த வகை ஏழை என்றார். வெறும் தரித்திரம் வேறு, இது வேறு என்று அவர் பிரித்துக் காட்டியதுதான் முக்கியம். ரொக்கம் கொடுத்தால் ஒரு குளிர்காலம் கழியும். சுவரைச் சீர்செய்தால் எல்லாக் குளிர்காலமும் கழியும். 2000-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 2018 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஏ முதல் ஜி வரை போடும் மார்க்கில் 'ஈ'-க்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது என்று விதித்தார்கள். 2020 ஏப்ரலில் பழைய குடித்தனங்களுக்கும் அது வந்தது. விலக்குகளும் இருக்கத்தான் இருந்தன. இருந்தாலும், முந்நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு சட்டம் குடித்தனக்காரரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டதே, அது பெரிய விஷயம் அல்லவா?

கேள்வியைச் சரியாகக் கேட்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற குடியிருப்புக்கு, வீடுகள் குளிராமல் இருக்கவும் பார்வைக்கு நன்றாக இருக்கவும் புதிய வெளிச்சட்டை மாட்டினார்கள். அந்தச் சட்டை எரியக்கூடிய சரக்கு. 2017 ஜூன் 14-ந் தேதி விடியுமுன் பற்றிய தீயில் 72 பேர் மாண்டார்கள். கட்டடம் பத்திரமில்லை என்று குடியிருந்தவர்களில் சிலர் முன்பே எச்சரித்திருந்தார்கள்; கேட்பவர் இல்லை. குளிருக்குப் போர்வை கொடுப்பது தர்மந்தான். என்ன நூலால் நெய்த போர்வை என்று பார்ப்பதும் தர்மத்தில் சேர்ந்தது.

மருமான் வீட்டுக்குத் திரும்புகிறேன். பாட்டியம்மாள் தம் வீட்டிலிருந்து ஒரு பழைய தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். "கோபமாக எழுதாதே, எண்ணாக எழுது. நாங்கள் அங்கே கற்றது அது ஒன்றுதான்" என்றார். ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, காரணம் காட்டாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது என்பதையும் அவர்தான் மருமானுக்குச் சொன்னார். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் தெளிவைப் பார்த்தேன். பதினான்கு நாள், காலையும் மாலையும், மருமானின் மனைவி எண்களைக் குறித்தாள். எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று, குழந்தை எத்தனை மணிக்கு இருமியது என்பதும் அதில் உண்டு. நான் எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு பக்கக் கணக்கைப்போல் ஒன்று எழுதியதில்லை.

கடிதம் போய் மூன்று வாரத்தில் ஓர் ஆள் வந்து பார்த்தான். வெளியே மழைநீர்ச் சாக்கடைக் குழாய் உடைந்து, அந்தச் சுவர் மாதக்கணக்கில் நனைந்துகொண்டிருந்ததாம்! குழாயைச் சரிசெய்தார்கள், ஜன்னல் சட்டத்தையும் இழைத்து இறுக்கினார்கள். குழந்தையின் இருமல் மறுநாளே நின்றது என்று கதையாயிருந்தால் எழுதிவிடுவேன். அப்படி நடக்கவில்லை. மெள்ள மெள்ள, வசந்த காலத்தில்தான் குறைந்தது.

2022 நவம்பரில் ஒரு நாள் ஒரு செய்தியைப் படித்தேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், வாடகை வீட்டுப் பூஞ்சணத்தில் மூச்சு கெட்டு, இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 2020 டிசம்பரில் இறந்துபோனான் என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. தகப்பனார் பல தடவை புகார் செய்திருந்தார். பூஞ்சணத்தின்மேல் வர்ணம் அடியுங்கள் என்று பதில் கிடைத்ததாம். குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தப்பாக ஊகித்துவிட்டோம் என்று வீட்டுக்காரத் தரப்பு பிறகு ஒப்புக்கொண்டது. அதே கடிதம்! 2023-ல் அந்தக் குழந்தையின் பெயராலேயே 'அவாப் சட்டம்' என்று அழைக்கப்படும் விதி பிறந்தது. ஓதமும் பூஞ்சணமும் பற்றிப் புகார் வந்தால், குறித்த காலத்துக்குள் வீட்டுக்காரர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இங்கிலாந்தின் பொது வாடகை வீடுகளில் 2025 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது.

செய்தியைப் படித்த அன்று ராத்திரி மருமானுக்கு டெலிபோன் செய்தேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை. "குழந்தையிடம் கொடு" என்றேன். ஆறு வயது நிரம்பப் போகும் அவள், பள்ளிக்கூடத்தில் பனி பெய்ததைப் பற்றியும், தான் பனிப்பொம்மை செய்ததைப் பற்றியும் மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் பேசினாள். நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.